வேண்மாள் காசு

ஓரத்தப் புடிச்சு எடு, அம்மிணி. ஓரம், ஓரம். மொகத்துல வெரல் படப்படாது. வெரல்ல உப்பு இருக்குது, எண்ணெய் இருக்குது. இன்னைக்கு ஒண்ணும் தெரியாது. ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா உன்ற கைரேகை அப்படியே காசு மேல கருப்பா நிக்கும். அப்படி வை, அந்தத் துணி மேல. ஆங்.

அந்தச் சன்னலத் தொறந்து உடு. லைட்டு வேண்டாம். செம்புக் காசப் பாக்கறதுக்குக் காலைல பத்து மணி வெயில் சாஞ்சு வரோணும், அதுக்கு மிஞ்சின லைட்டு எந்தக் கடைலயும் கெடைக்காது. நேரா வெளிச்சம் அடிச்சா எல்லாக் காசும் ஒண்ணு மாதிரித்தான் தெரியும். சாய்ச்சுப் புடிச்சாத்தான் மேடு பள்ளம் தெரியும்.

நாச்சிமுத்து மக என்ற வீட்டுல வந்து உக்காந்திருக்கறே. நம்பவே முடியல கண்ணு. கடைசியா உன்னையப் பாத்தப்ப நீ பாவாடை சட்டை போட்டுட்டு எட்டாவது போயிட்டிருந்தே. இப்ப உன்ற பையன் காலேஜுங்கறே. உங்கப்பன் இந்த வாசப்படிய இருபத்தேழு வருசமா மிதிக்கல, தெரியுமா? வெங்கமேட்டுல பஸ் ஏறுனா அரை மணி நேரத்துல தாந்தோணிமலை. ராசியப்பன் இருக்கறானா செத்தானான்னு ஒருக்கா எட்டிப் பாக்கல. நாற்பது வருசக் கூட்டாளி! அவன் போயிட்டான்னு எனக்கு யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியனுப்புனீங்களா?

போன் பண்ணுனியா? எப்ப?

ஆமா. ஆமா, வந்துது. இவதான் எடுத்துப் பேசுனா, சொன்னா. முழங்காலு அம்மிணி. அந்த வாரம் படி எறங்கவே முடியல. நம்பலைன்னா உங்க சித்தியக் கேளு. உள்ளதான் டீ போட்டுட்டிருக்கா.

நீ கேட்டதுக்குச் சொல்றேன். சொல்லாம உட மாட்டேன். செருப்பைக் கூடக் கழட்டாம வாசல்லயே நின்னுட்டுக் கேட்டே பாரு, ‘எங்கப்பா பொய் சொன்னாரா சித்தப்பா’ன்னு. அப்படியெல்லாம் வாசல்ல நிக்க வெச்சுச் சொல்ற விசயமில்ல அது. காசு பூராத்தையும் மியூசியத்துக்குக் குடுக்கறீங்க, ரொம்ப நல்லது. ஒவ்வொண்ணும் என்ன நெலமைன்னு எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாங்க, ராசியப்பன் எழுதுனா ஏத்துக்கறோம்னாங்க. நாயந்தான். உங்கப்பன் எழுதி வெச்ச அந்த நோட்டையும் சேத்துக் குடுக்கறதா வேண்டாமாங்கறதுதான உனக்கு? நோட்டுல பாதி அந்த ஒத்தைக் காசப் பத்தியே எழுதி வெச்சிருக்கறான். பொய்யின்னா நானே கிழிச்சு அடுப்புல போட்டர்றேங்கறே. வெளிய நாலு பேரு பாத்துச் சிரிக்கறதுக்கு வேண்டாங்கறே. புரியுது. அந்தக் காசு கடைசில வரட்டும். மொதல்ல மத்ததப் பாப்போம்.

இது நாயக்கர் காசு. அனுமார் தெரியறாரா? தலை மழுங்கியிருக்குது, வால் நல்லா இருக்குது. இப்படி மேடான எடம் மட்டும் வழவழன்னு இருந்தா அது தேய்மானம். நாலு சந்தை போயி, நாலு மடியில இருந்து தேஞ்சது. அதுல தப்பில்ல. ‘தேய்வு, தோல் நல்லது’ன்னு எழுதிக்கறேன். தோலுன்னா இந்தக் காப்பிக் கலரு. செம்பு எரநூறு முன்னூறு வருசம் காத்துல கெடந்து தானாப் போத்திக்கற தோலு. அத உரிச்சுப் போட்டா காசு பளபளன்னு இருக்கும், ஆனா காசு செத்துப் போச்சுன்னு அர்த்தம்.

இது கும்பினிக்காரன் காசு. இதுவும் பரவால்ல. கவர்ல போடு.

இந்த ராசராசன் காசப் பாரு. நின்ன ஆளோட காலுக்குக் கீழ வெளிர் பச்சையாப் பொடி மாதிரி இருக்குதல்லோ? குச்சில தொட்டா உதுரும். இதுதான் நோய். கெட்டிப் பச்சை இருந்தாப் பரவால்ல, அது பாசி மாதிரி, காசக் காப்பாத்தும். இந்தப் பொடிப் பச்சை அப்படியில்ல. உள்ளுக்குள்ள தின்னுட்டே போகும். ஈரம் பட்டாப் பக்கத்துக் காசுக்கும் தாவும். தனிக் கவர்ல போடு, மத்தது கூடச் சேக்காத.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னா, முப்பத்தோரு வருசம் ஆஸ்பத்திரி லேப்ல மைக்ராஸ்கோப்புல பாத்த கண்ணு இது. இருக்கறத எழுதுவேன், இல்லாதத எழுத மாட்டேன். என்ற சொந்த அண்ணனுக்குச் சர்க்கரை முன்னூத்தி எண்பதுன்னு என்ற கையாலயே எழுதிக் குடுத்தேன். அண்ணி அழுதா. கொறைச்சு எழுதியிருக்கப்படாதா தம்பின்னா. கொறைச்சு எழுதுனா சர்க்கரை கொறைஞ்சுருமா? காசும் அப்படித்தான். அவனவன் வீட்டுல பெட்டில வெச்சுக் கும்புட்ட காச எடுத்துட்டு வருவான். நான் பாத்து ‘வார்ப்புக் காசுங்க, போலி’ன்னு சொல்லிப்போடுவேன். எத்தனை பேருக்கு மூஞ்சி செத்திருக்குது தெரியுமா. ஆனா ராசியப்பன் பொய் சொன்னான்னு இந்தக் கரூர்ல ஒருத்தன் சொல்ல மாட்டான்.

டீ வந்திருச்சு. குடி. நீ உள்ள போ, செல்லாத்தா. நாங்க பேசிட்டிருக்கறோம்.

உங்கப்பன் அப்படியில்ல. அவன் கண்ணு வேற. பஸ் கூண்டு கட்டற பட்டறைல எழுத்து எழுதறவன். முன்னால ‘முருகன் துணை’, பின்னால ‘ஒலி எழுப்புக’. ஒரு கோடு போடாம, ஸ்கேல் வெக்காம எழுதுவான். எழுத்துங்கறது அவனுக்குக் கண்ணுக்கு முன்னால கையில வரும். லைப்ரரில இருந்து பழைய எழுத்துப் புஸ்தகம் ஒண்ண எடுத்துட்டு வந்து, ரெண்டாயிரம் வருசத்து எழுத்தப் பெயிண்டு டப்பா மூடிமேல எழுதி எழுதியே படிச்சான். நான் சிரிப்பேன். ‘ஏண்டா, இந்த எழுத்துல எந்த பஸ்ஸுக்குப் பேரு எழுதப் போற’ன்னு கேப்பேன். ‘சேர ராசா பஸ் விட்டா எழுதிக் குடுக்கறேன்’னுவான்.

அந்தக் காசு கெடைச்சது ஒரு சித்திரை மாசம். அமராவதி வறண்டு கெடந்துது. பாலத்துக்குக் கீழ சல்லடை போட்டு மணலச் சலிப்பாங்க, உனக்குத் தெரியும். தங்கப் பொடி வருமான்னு சலிப்பாங்க, செம்புக் காசு வந்தா நம்ம மாதிரி ஆளுகளுக்குக் குடுப்பாங்க. ஞாயித்துக்கெழமை ஆனா நாங்க ரெண்டு பேரும் அங்கதான். அன்னைக்கு உங்கப்பன் கை நெறைய ஒரு குத்து வாங்குனான். அதுல சதுரமா ஒண்ணு. மண்ணும் களிம்பும் சேந்து, பாக்கறதுக்குக் கருவாட்டுத் துண்டாட்டம் இருந்துச்சு. நானா இருந்தா வீசியிருப்பேன்.

ஆஸ்பத்திரில இருந்து நான் காய்ச்சி வடிச்ச தண்ணி கொண்டாந்து குடுத்தேன். அதுல ஊறப் போட்டு வாரா வாரம் தண்ணிய மாத்துனோம். மூணு மாசம். ஒரு பக்கம் ஆனை வந்துது. நல்ல ஆனை, தும்பிக்கை தூக்கியிருந்துது. மறுபக்கம் கெட்டிக் களிம்பு. ஒரு நாள் காலைல, இதே சன்னல்தான், உங்கப்பன் காசச் சாய்ச்சுப் புடிச்சுட்டே இருந்தவன், ‘ராசு, எழுத்துடா’ன்னான்.

நானும் பாத்தேன். கண்ணாடி வெச்சும் பாத்தேன், வெக்காமயும் பாத்தேன். களிம்பு மேலயே எழுத்து எழும்பி நின்னுது. ஒவ்வொண்ணா அவன் சொல்லச் சொல்ல நான் கோடு கோடாப் பாத்தேன். வே. ண். மா. ள். ‘வேண்மாள்’. சேர ராசா வீட்டுப் பொம்பளைகளுக்கு உள்ள பேரு அதுன்னு உங்கப்பன் சொன்னான். பொம்பளை பேரு போட்ட காசு இதுவரைக்கும் யாரும் பாத்ததில்லடா, நம்ம ஊரு ஆத்துல கெடந்திருக்குதுடான்னு சொல்லிச் சொல்லி அழுதான். பட்டறைக்காரன், முரட்டு ஆளு, அழுதான். ‘ள்’ளுக்குப் பொறகு ஒரு கட்டி இருந்துச்சு. அதுக்கடியில அஞ்சாவதா ஒரு எழுத்து இருக்கும்போலன்னு ரெண்டு பேரும் பேசிக்கிட்டோம்.

அட, போட்டோ எடுக்க ஸ்டுடியோவுக்கும் கொண்டு போனோம், போகாம இல்ல. கருப்பா ஒரு கட்டம் வந்துது, அவ்வளவுதான். பேப்பர வெச்சுப் பென்சில்ல உரசி எடுக்கலாம்னு நான் சொன்னேன். உங்கப்பன் கூடவே கூடாதுன்னுட்டான். ‘அழுத்தாத, களிம்பு உட்டுப் போயிரும். எழுத்து இப்ப எங்க நிக்குதுன்னு நமக்குத் தெரியாது’ன்னான். அதனால நோட்டுல வரைஞ்சு வெச்சான். நீ கையில வெச்சிருக்கற அந்தப் பக்கந்தான். அச்சு அசலா வரைஞ்சிருக்கறான். ஒரு மயிரிழை கூட மாறல.

ம். ஒரு மயிரிழை கூட மாறல.

அந்த வருசம் காசு சேக்கறவங்க சங்கக் கூட்டம் திருச்சில வெச்சிருந்தாங்க, கார்த்திகை மாசம். உங்கப்பன் கார்டு போட்டான். பத்து நிமிசம் பேசறதுக்கு நேரம் குடுத்துப் பதில் வந்துது. அந்தக் கார்டப் பட்டறை பூரா காட்டிட்டுத் திரிஞ்சான். அதுக்குள்ள அவனுக்குக் குடலிறக்கம் ஆப்பரேசன் வந்திருச்சு. ஐப்பசி. எட்டு நாளு ஆஸ்பத்திரில. போறதுக்கு முந்தின நாளு காசப் பஞ்சுல சுத்தி என்ற கையில குடுத்தான். ‘வீட்டுல புள்ளைக எடுத்து வெளையாடும். நீ வெச்சிரு. தொடாத’ன்னான்.

அந்த வருசம் ஐப்பசி மழை உனக்கு ஞாபகம் இருக்காது. பத்து நாளு வெயிலே இல்ல. செவுரெல்லாம் ஓதம். மூணாம் நாளு பஞ்சப் பிரிச்சுப் பாத்தேன். ஓரத்துல பொடிப் பச்சை. அந்த ராசராசன் காசுல இருக்குதல்லோ, அதே நோய். நோய் தின்னுருச்சு அம்மிணி. அவன் திரும்பி வந்தப்ப எழுத்து இல்ல. அதுதான் நடந்தது. நான் அவங்கிட்டயும் அதான் சொன்னேன். ‘நீ பெயிண்டு தின்னர் இருந்த டப்பாவுல வெச்சிருந்தே, அந்த வாடை, அந்த ஈரம், அங்கயே ஆரம்பிச்சிருக்கும்டா’ன்னேன். தையல் பிரிக்காத வயித்தப் புடிச்சுட்டு அந்தக் காசயே பாத்துட்டு நின்னான். ‘என்ற தப்புதான்’னான்.

போக வேண்டாம்னு சொன்னேன் நான். திருச்சிக்குப் போக வேண்டாம், கார்டு போட்டுரு, ஒடம்பு சரியில்லைன்னு எழுதிருன்னேன். கேக்கல. ‘நோய் வந்து எழுத்து போச்சுன்னு சொல்றேன், நோட்டக் காட்டறேன், கூட நீ பாத்திருக்கறயல்லோ, நீ சொன்னா நம்புவாங்க’ன்னான். என்னைய இழுத்துட்டுப் போனான்.

ஒரு கல்யாண மண்டபம். நூறு பேரு இருப்பாங்க. உங்கப்பன் ஏறிப் பேசுனான். நல்லாத்தான் பேசுனான். நோட்டத் தூக்கிக் காட்டுனான். அங்க ஒரு புரொபசர் உக்காந்திருந்தாரு. ‘படம் யாரு வேணும்னாலும் வரையலாங்க. நீங்க பஸ்ஸுக்கு எழுத்து எழுதறவருன்னு சொல்றீங்க, உங்களுக்கு இன்னும் சுளுவு’ன்னாரு. சனம் சிரிச்சுது. உங்கப்பனுக்கு மூஞ்சி செவந்து போச்சு. ‘ராசியப்பன் பாத்திருக்கறாருங்க, அவரக் கேளுங்க’ன்னு என்னையக் கையக் காட்டுனான். என்னைய அங்க எல்லாத்துக்கும் தெரியும். புரொபசரு காச என்ற உள்ளங்கையில வெச்சு, ‘நீங்க சொல்லுங்க, இந்தக் காசுல எழுத்து இருக்குதா?’ன்னு கேட்டாரு.

‘இல்லீங்க’ன்னேன்.

அது பொய்யா? நீயே சொல்லு. அந்தக் காசுல எழுத்து இல்ல. இருக்குதான்னு கேட்டாரு, இல்லைன்னேன். முன்னால இருந்துச்சான்னு அவரு கேக்கல. கையில இருக்கறதத்தான் சொல்லோணும், அதான் காசு பாக்கறவனுக்கு மொறை. இருந்தது, இருந்திருக்கும், இருந்த மாதிரின்னெல்லாம் சொல்ல ஆரம்பிச்சா அப்பறம் காசுக்கும் கதைக்கும் என்ன வித்தியாசம்? அப்படித்தான் நான் இத்தனை வருசமா நெனச்சுட்டிருக்கறேன்.

சங்கத்து மலர்ல ஒரு வரி போட்டாங்க. ‘ஆதாரமற்ற கூற்று’ன்னு. உங்கப்பன் பேரப் போட்டே எழுதுனாங்க. அந்த வரியப் பாத்துட்டுத்தான் நீ இப்ப வந்திருக்கறே.

திரும்பி வர்றப்ப பஸ்ல ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதான் உக்காந்திருந்தோம். திட்டுவான்னு பாத்தேன். திட்டியிருந்தா நானும் திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும். குளித்தலை தாண்டி வர்றப்ப மெதுவாக் கேட்டான், ‘ஏன் ராசு, நான் பாத்தது நெசந்தானா? எனக்கே இப்பச் சந்தேகமா இருக்குதுடா’ன்னு.

நான் என்ன சொன்னேனா? ‘தூங்கு, ஊரு வந்தா எழுப்பறேன்’னேன்.

அன்னைக்கோட வரவ நிறுத்திட்டான். ஆத்துக்கும் வர்றதில்ல. நானும் போகல, பொய் சொல்ல மாட்டேன். அவனே வரட்டும்னு இருந்தேன். இருபத்தேழு வருசமா அவனே வரட்டும்னு இருந்தேன். இப்ப நீ சொல்லு, யாரு மேல தப்பு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமல்லோ அவன்?

என்ன?

என்ன சொன்னே அம்மிணி? இன்னொருக்காச் சொல்லு. எனக்கு எடது காது சரியாக் கேக்காது.

ஆஸ்பத்திரிலயா. கடைசி வாரமா. போர்வை மேல வெரல்லயா எழுதுனான்? அந்த நாலு எழுத்தயுமா? ... உன்னையக் கேட்டானா? ‘நெசமாவே இருந்துச்சா கண்ணு’ன்னா?

நீ என்ன சொன்னே?

இருந்துச்சுன்னு சொன்னியா. நீ பாக்கவே இல்லயே. நீ சின்னப் புள்ளை, அந்தக் காச உங்கிட்ட அவன் காட்டக்கூட இல்ல. பாக்காத நீ இருந்துச்சுன்னு சொல்லியிருக்கறே. பாத்தவன் நான்.

சித்த இரு. சித்த இரு கண்ணு. அந்தத் தண்ணிச் செம்ப எடு.

அந்தக் கதவச் சாத்து. உள்ள இவ இருக்கறா. இவளுக்கும் தெரியாது இது. ஒருத்தருக்கும் தெரியாது.

நோய் வந்தது நெசம். ஓரத்துல மட்டும். கடுகத்தனை. அத எடுத்துட்டுக் காசக் காய வெச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. நான் கருவேல முள்ள எடுத்தேன். அந்த முள்ளுதான் இதுக்கு ஒசத்தி, ஊசின்னா செம்பக் கீறிப்போடும். பூதக்கண்ணாடிய வெச்சுட்டு அந்தப் பொடிய மட்டும் எடுத்தேன். எடுத்தாச்சு. அதோட நிறுத்தியிருக்கோணும். தொடாதன்னு சொல்லிட்டுப் போயிருக்கறான் அவன், வயித்தக் கிழிச்சுப் போட்டுட்டு ஆஸ்பத்திரில கெடக்கறான். எனக்கு அந்த அஞ்சாவது எழுத்து மேலயே கண்ணு. நாலு எழுத்து அவன் பாத்தது. ஊரே அவன் பேரச் சொல்லப் போகுது. அஞ்சாவது நான் பாத்ததா இருக்கட்டுமேன்னு நெனச்சேன். அவன் வர்றப்ப, ‘டேய் நாச்சி, நீ படிச்சது பாதி, மீதிய நான் படிச்சிருக்கறேன் பாரு’ன்னு சொல்லோணும்னு. ஒரு பெயிண்டருக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியாதாங்கற நெனப்பு. ஆமா, அதுதான். வேறென்ன.

அந்தக் கட்டிக்கடியில முள்ள உட்டு ஒரு நெம்பு நெம்புனேன். கட்டி வரல. மொத்தப் பக்கமும் வந்துது. அப்பளம் வர்ற மாதிரி பூராக் களிம்பும் ஒரே பத்தையா எழும்பி என்ற முள்ளு மேல நின்னுது. எழுத்து செம்புல இல்ல அம்மிணி. செம்ப மண்ணு எப்பவோ தின்னுருச்சு. அது தின்னப்ப, எழுத்தோட உருவத்த அப்படியே களிம்பு வாங்கி வெச்சிருந்துது. களிம்புதான் காசு. நோய் எது, தோலு எதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன், அது எனக்குத் தெரியல. உங்கப்பனுக்குத் தெரிஞ்சிருக்குது. அழுத்தாதன்னு அதுக்குத்தான் சொன்னான்.

அந்தப் பத்தையத் திருப்பி வெக்கலாம்னு பாத்தேன். கையில தூளாப் போச்சு. வே போச்சு. மா போச்சு. அடில பாத்தா அம்மத் தழும்பு மாதிரி குழி குழியாச் செம்பு. அஞ்சாவது எழுத்தா? அஞ்சாவது எழுத்துன்னு ஒண்ணும் இல்ல. வெறும் மண்ணுக் கட்டி அது.

தூளக் கூட்டி ஒரு பேப்பர்ல மடிச்சேன். அப்பறம் அதையும் சாக்கடைல போட்டுட்டேன்.

அந்த மண்டபத்துல நான் ஏன் ‘நான் பாத்தேன்’னு சொல்லலைன்னு கேக்கறே. நோய் தின்னுருச்சுன்னு அங்கயும் சொல்லியிருக்கலாம்தான். ஆனா நான் பாத்தேன்னு சொன்னா, எங்க குடு பாப்போம்னு புரொபசரு கண்ணாடிய வெச்சுப் பாப்பாரு. நோய் தின்ன செம்பு வேற, முள்ளு போன செம்பு வேற. காசு பாக்கறவன் ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவான். ராசியப்பன் காசச் சொரண்டிப்போட்டான்னு ஆயிரும். முப்பது வருசமா அடுத்தவன் காசக் கையில வாங்கிப் பாக்கறவன் நான். ஒருத்தனாச்சும் அதுக்கப்பறம் எங்கிட்டக் குடுப்பானா? அத நெனச்சேன். அந்த ஒரு நிமிசத்துல அவன நெனைக்கல.

உங்கப்பன் பொய் சொல்லல, கண்ணு. ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்ல. வே, ண், மா, ள். நோட்டுல இருக்கறது அப்படியே இருந்துச்சு. என்ற கண்ணால பாத்தேன்.

எதாச்சும் பேசு. திட்டு. உங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் இந்த டீய என்ற மூஞ்சில ஊத்தியிருப்பா. நீ சும்மா உக்காந்திருக்கறே. இப்படி உக்காந்திருக்கறது உங்கப்பனாட்டமே இருக்குது.

என்ன இது? கவரா? ஆமா, இந்தக் காசுக்கும் எழுதோணும். எல்லாத்துக்கும் எழுதுனேன், இதுக்கும் எழுதறேன். ‘சதுரம். செம்பு. ஆனை தெளிவு. பின்பக்கம் பழுது.’ சரியா?

பத்தாதா.

சரி. ‘பின்பக்கம் வேண்மாள் என்ற எழுத்து இருந்தது. நான் பார்த்தேன்.’ இது போதும் அம்மிணி. இதுலயே உங்கப்பன் சொன்னது நெசம்னு ஆயிருச்சு. மியூசியத்துக்காரங்களுக்கு இது போதும். அதுக்கு மேல என்னத்துக்கு? எனக்கு எழுபத்தி நாலு வயசு. இன்னும் எத்தனை நாளைக்கு இருக்கப் போறேன். என்ற மருமகன் அந்த ஆபீசுலயெல்லாம் ஆளு தெரிஞ்சவன், படிச்சான்னா...

அப்படிப் பாக்காத. எழுதறேன். பேனாவக் குடு.

‘சுத்தம் செய்யும்போது நான் அழித்துவிட்டேன். நாச்சிமுத்துவிடம் மறைத்தேன். திருச்சிக் கூட்டத்தில் தெரிந்தே சொல்லாமல் இருந்தேன்.’ போதுமா? என்ற கையெழுத்துதான், எல்லாத்துக்கும் தெரியும். கீழ பேரு. அதுக்குக் கீழ தேதி.

அம்மிணி, ஒண்ணு கேக்கறேன். தேதி மட்டும் அந்த வருசத்துத் தேதி போட்டுக்கறேனே. அந்தக் கார்த்திகை மாசம். திருச்சிக்குப் போயிட்டு வந்த மக்யா நாளு. தப்பு செஞ்சான், ஆனா அடுத்த நாளே எழுதிக் குடுத்துட்டான்னு இருக்கும். கூட்டாளி கைய உட்டுப்போடலைன்னு இருக்கும். அவனுக்கும் அது நல்லதுதான? பேனா மசி புதுசா பழசான்னு யாரு பாக்கப் போறா? நாச்சி இருக்கறப்பவே எழுதுன மாதிரி... அவன் படிச்ச மாதிரி...

வேண்டாமா.

அழுகாத. நீ அழுகாத கண்ணு. நான் போடல.

இன்னைக்கு என்ன தேதி?